துண்டு போட்டால் சொந்தமா?

அமெரிக்காவில் வேலைக்குப் போகும் விமானிக்குப் போட்டிக் கம்பெனி விமானத்தின் கேப்டனும் தம் அறையிலுள்ள உபரி இருக்கையைக் கொடுப்பதுண்டு. முதலாளிகள் மோதினாலும் தொழிலாளி தொழிலாளிக்கு இடம் தருகிறான்.

நாமோ? 2018இல் மோதி பாக்கிற்கு மெட்ரோ வந்தும், அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாத நமக்குப் பஸ்தான் கதி. விடிகாலையில் ஊர்க்காரருக்கென்று துண்டு போடுகிறோம். பாத்திரம் தேய்க்கப் போகும் பீகார்த் தாய் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள். "மதராசி" என்று நம்மைத் தள்ளியபோது கொதித்தோமே, மறந்துவிட்டதா?

பஸ்ஸைக் குறைவாக விட்டவனைக் கேட்காமல், நம்மைப்போல் உழைப்பவளோடு மல்லுக்கு நிற்பதா? கர்ப்பிணி, முதியவர், இரவு வேலை முடித்தவர் முதலில் உட்காரட்டும். பிறகு வந்த வரிசைப்படி. துண்டை எடுப்போம்! கூடுதல் பஸ் கேட்டு அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்போம்!