மாலை 6 மணி கரண்ட்: ஒரகடத்துக்கு பேட்டரி ஏன் வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் மாலை 6 மணி ஆனால் கரண்ட் விலை ஏறிவிடும். உயர் அழுத்த இணைப்பு உள்ள தொழிற்சாலைகள் காலை 6.30–10.30, மாலை 6–10 ஆகிய ‘பீக் ஹவர்’ நேரங்களில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். யூனிட் விலையே 7 ரூபாயைத் தாண்டிய நிலையில், இந்தக் கூடுதல் மட்டும் ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல். பெரிய கார் கம்பெனி சமாளித்துவிடும். அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்? மூணு ஷிஃப்ட் ஓட்டினால்தான் ஆர்டர் கையில் இருக்கும். மெஷினை நிறுத்த வழியில்லை.

சிக்கல் எங்கே?

தமிழ்நாட்டில் மின்சாரமே இல்லையா? அப்படி இல்லை. காற்றாலைத் திறனே 11,000 மெகாவாட்டுக்கு மேல். கமுதி பக்கம் மதியத்தில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது. ஆனால் சூரியன் இறங்கும் நேரத்தில்தான் வீடுகளில் லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஓடும். அப்போது சந்தையில் வாங்கப் போனால், யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் நாட்களும் உண்டு. மதியம் அதே சந்தையில் விலை சரிந்து கிடக்கும்.

பேட்டரி என்ன செய்யும்?

மதிய மின்சாரத்தைப் பிடித்து வைத்து மாலையில் விடும். இந்த யோசனை நமக்குப் புதுசு இல்லை. கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களிலிருந்தே தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறது. அதற்கு மலை வேண்டும். பேட்டரிக்கு துணைமின் நிலையத்தில் கொஞ்சம் காலி இடம் போதும்.

டெல்லி கிலோக்கரியில் 2025-ல் அப்படித்தான் வைத்தார்கள்: 20 மெகாவாட், 40 மெகாவாட்-மணி. அதாவது, இரண்டு மணி நேரத்தில் 40,000 யூனிட். இழப்பும் உண்டு, 100 யூனிட் ஏற்றினால் சுமார் 85 யூனிட் திரும்பக் கிடைக்கும். ஆனாலும் மதிய விலைக்கும் மாலை விலைக்கும் உள்ள இடைவெளி அதை ஈடுகட்டும்.

தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகமும் 500 மெகாவாட், 1,000 மெகாவாட்-மணி பேட்டரிக்கு டெண்டர் விட்டது. இத்தகைய திட்டங்களுக்கு மத்திய அரசு நிதியுதவியும் தருகிறது.

எங்கே வைப்பது?

கேள்வியே இதுதான். சோலார் பண்ணைக்குப் பக்கத்தில் வைத்தால், மாலையில் அந்த மின்சாரம் பல நூறு கிலோமீட்டர் பயணித்துத்தான் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வர வேண்டும். எல்லாரும் ஸ்விட்ச் போடும் அதே நேரத்தில், அதே லைனில். பயன்படுத்தும் இடத்திலேயே வைத்தால் லைனுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மாலைச் சுமை குறையும். மதியத்தில் லைனில் இடம் இல்லையென்றால், காற்று சீசனில் நள்ளிரவுக்குப் பிறகும் சார்ஜ் ஏற்றலாம்.

பயம் நியாயமானதே. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் தீப்பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே பேட்டரிகளைப் பழைய கட்டிடம் ஒன்றுக்குள் நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். இப்போது பரவலாகிவரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். திறந்தவெளியில் தனித்தனிக் கன்டெய்னர்களாக இடைவெளிவிட்டு வைக்கலாம். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு இருக்கிறது. அப்படியான இடங்களிலிருந்து தள்ளி வைப்பதும், தீயணைப்புத் துறைக்கு முன்கூட்டியே பயிற்சி தருவதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

லாபம் யாருக்கு?

பெரிய நிறுவனம் தன் வளாகத்திலேயே பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளும். சின்ன யூனிட்டால் முடியாது. அதனால்தான் இதை மின்வாரியமே பொதுவில் செய்ய வேண்டியிருக்கிறது. மாலை மின்சாரத்தை மலிவாகப் பெறும் வாரியம், 25 சதவீதக் கூடுதலை அப்படியே வைத்திருக்கக் கூடாது. பேட்டரி இயங்கத் தொடங்கியதும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் கட்டணத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மிச்சமாகும் பணம் தொழிற்சாலை பில்லில் தெரியணும். வாரியத்தின் கணக்கோடு நின்றுவிடக் கூடாது.