பெயர் ஒன்று, தாங்குவோர் பலர்

சித்திரக்கதை படிக்கும் பிள்ளையைக் கண்டால் முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். பாடநூலைப் புரட்ட வேண்டிய நேரத்தில் முகமூடி வீரனின் சாகசங்கள் எதற்கு என்பது அவர்தம் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயினும், அக்கதைகளுள் ஒரு வகை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நல்லதொரு பாடத்தைக் கற்பிக்க வல்லது என்பது எம் கருத்து. ஒரு வீரன் மறைந்தபின் வேறொருவன் அதே பெயரையும் அதே கோலத்தையும் ஏற்று, விட்ட கடமையைத் தொடரும் கதைகளையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

இவ்வகையுள் தமிழர் நன்கறிந்தது வேதாளன் கதை. லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் 1936ஆம் ஆண்டு படைத்த இவ்வீரன், இந்தியாவில் 1964இல் தோன்றிய இந்திரஜால் காமிக்ஸ் முதலிய வெளியீடுகளின் வாயிலாகத் தமிழிலும் பேசினான். சில வெளியீடுகள் அவனை மாயாவி என்றும் அழைத்தன. கதைப்படி, 1536ஆம் ஆண்டில் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து உயிர் தப்பிக் கரையொதுங்கிய ஒருவன், தன் தந்தையைக் கொன்றவனின் மண்டை ஓட்டின்மீது ஆணையிட்டு, கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்பதாகச் சூளுரைக்கிறான். அவன் மாண்டபின் அவன் மகன் அதே சூளுரையைக் கூறி அவ்வுடையை அணிகிறான். அவனுக்குப்பின் அவன் மகன். நாம் படிக்கும் கதைகளின் நாயகன் 21ஆவது வேதாளன். காட்டு மக்களோ, 400 ஆண்டுகளாக ஒருவனே வாழ்வதாக எண்ணி, அவனைச் சாவில்லாதவன் என்கின்றனர். உண்மையில் சாவில்லாதது அவன் உடலன்று, அந்தச் சூளுரையே.

இக்கதையில் இரண்டு செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று, ஒவ்வொரு வேதாளனும் தன் வாழ்நாளில் நிகழ்ந்தவற்றை ஏட்டில் எழுதிக் குகையில் வைக்கிறான். பின்வருபவன் அவற்றைப் படித்தே முன்னோரை அறிகிறான். மற்றொன்று, ஒரு தலைமுறையில் வேதாளனின் உடன்பிறந்தாள் ஜூலி அவ்வுடையை அணிந்து அக்கடமையை ஆற்றியதாகவும் கதை உண்டு. கடமைக்கு ஆண், பெண் என்னும் பேதமில்லை என்பதை நம் மாணவியர் மனங்கொள்வார்களாக.

எனினும் வேதாளன் கதையில் குறையொன்றும் உண்டு. வேதாளனின் பிள்ளையே வேதாளனாக வேண்டும் என்பது அங்கு விதி. ‘தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துக்கே’ என்னும் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விதி உவப்பானதன்று. இங்குதான் ஃபிளாஷ் என்னும் மின்னல்வேக வீரனின் கதை நமக்குத் துணை நிற்கிறது.

1940இல் தோன்றிய முதல் ஃபிளாஷின் இயற்பெயர் ஜே காரிக். 1956இல் வந்த இரண்டாமவன் பேரி ஆலன், காவல்துறை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவன். அவனுக்கு ஜே காரிக் தந்தையுமல்லன், தமையனுமல்லன். ஜே காரிக்கின் சாகசங்களைச் சித்திரக்கதையில் படித்து மகிழ்ந்தவன் பேரி. தனக்கும் அவ்வேகம் வாய்த்தபோது அப்பெயரையே சூடிக்கொண்டான். மூன்றாமவன் வாலி வெஸ்ட், சிறுவனாக இருந்தபோதே பேரியிடம் பயின்றவன். 1985ஆம் ஆண்டுக் கதையில் உலகைக் காக்கப் பேரி உயிர் நீத்தபின், பெயரும் பொறுப்பும் வாலி வெஸ்டைச் சேர்ந்தன. ஆக, வேதாளனின் பெயர் குருதியால் வந்தது; பேரியின் பெயர் வாசிப்பால் வந்தது; வாலி வெஸ்டின் பெயர் பயிற்சியால் வந்தது. வழிகள் வேறாயினும், பெயரை ஏற்றவர் அதன் சுமையையும் ஏற்றனர் என்பதே மூவருக்கும் உள்ள ஒற்றுமை.

வாலி வெஸ்டின் கதையில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. நெடுநாள்வரை அவனால் பேரியின் வேகத்தை எட்ட இயலவில்லை. ஆசானை மிஞ்சினால் ஆசானின் இடத்தைப் பறித்தவன் ஆவோமோ என்று உள்ளத்தில் மறைந்திருந்த அச்சமே அவனைத் தடுத்தது என்பதை 1993இல் வெளிவந்த கதை காட்டுகிறது. அச்சம் நீங்கியதும் அவன் வேகம் பெருகியது. பேரியின் புகழோ சிறிதும் குன்றவில்லை.

வெளிநாட்டார் கதைதானே என ஒதுக்க வேண்டா. நம் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலிருந்தே அறிந்த ஔவையாரை எண்ணிப் பாருங்கள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்ககால ஔவையார் வேறு. பன்னூறு ஆண்டுகள் கழித்து ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடிய ஔவையார் வேறு என்பர் அறிஞர். இத்தனை நூற்றாண்டு இடைவெளியில் குருதி உறவுக்கு இடமேது? தமிழும் அறிவும் அஞ்சாமையுமே அவர்களை ஒரு பெயரில் இணைத்தன. பின்வந்தவர் முன்னவரின் பாட்டையே திரும்பப் பாடவில்லை; தம் காலத்துச் சிறுவர்க்கு வேண்டியதைத் தம் சொல்லில் பாடினார். அதனாலன்றோ அப்பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது!

இனி நம் நிலையைக் காண்போம். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சே யான் ரப்பர் மரங்களை வணிகப் பயிராக நட்டார். தொடர்ந்து புக்கிட் அசகானிலும் ரப்பர் பரவியது. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி வாழ்ந்தனர். லயத்தருகே எழுந்த பள்ளிகளில் தம் மக்களுக்குத் தமிழ் எழுத்தறிவித்தனர். காலப்போக்கில் பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை வந்தது; சில இடங்களில் வீடமைப்புகள் எழுந்தன; குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்தன. ஆயினும் பல தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பெயரை ஏற்று நடப்பவர் இன்றைய மாணவரே.

மாணவச் செல்வங்களே! உங்கள் தாய் தந்தையர் செய்த தொழிலையே நீங்களும் செய்ய வேண்டும் என்பதில்லை. மருத்துவராகலாம், பொறியாளராகலாம், ஆசிரியராகலாம். பெற்றோரை மிஞ்சுவது அவர்களை மறப்பதாகாது. அவர்தம் உழைப்பையும் நேர்மையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவே நீங்கள் அணிய வேண்டிய கோலம்.

பெற்றோர்களே! பாடம் முடிந்தபின் பிள்ளை சித்திரக்கதை படித்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அருகமர்ந்து, இவ்வீரனுக்கு முன் இப்பெயரைத் தாங்கியவர் யார் என்று கேளுங்கள். பின்னர் உங்கள் கதையைச் சொல்லுங்கள். தாத்தா எவ்வூரிலிருந்து வந்தார், பாட்டி எத்தோட்டத்தில் பால் எடுத்தார், பள்ளிக்கு யார் யார் உழைத்தனர் என்பவற்றைப் பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். வேதாளனின் குகையில் ஏடுகள் இல்லாதிருப்பின், 21ஆமவன் முதல்வனின் சூளுரையை எங்ஙனம் அறிவான்? சொல்லக்கூடிய முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஆகவே இப்பணியை இவ்விடுமுறையிலேயே தொடங்குமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் அன்புடன் வேண்டுகிறோம்.