பெரியாற்றுப் பாசனத்தில் மனைக்கல் ஊன்ற யாருக்கு உரிமை?

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களை வீட்டுமனையாக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் குரல் கொடுக்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. ‘இவர்கள் வளர்ச்சியின் எதிரிகள். தங்களுக்கு வீடு இருக்கிறது, அடுத்தவனுக்கு வருவது பொறுக்கவில்லை. நிலத்துக்காரன் விற்கிறான், வசதியுள்ளவன் வாங்குகிறான், அரசு அனுமதி கொடுக்கிறது. நடுவில் பேச இவர்கள் யார்?’ மனைப்பிரிவு போடுகிறவர்கள் இப்படிச் சொல்வது அவர்கள் தொழில். படித்தவர்களும் பொறுப்பில் இருப்பவர்களும் அதையே திருப்பிச் சொல்லி, வயலுக்காக நிற்கும் உழவர்களைக் கேலி பேசுவதைச் சகித்துக்கொள்ள முடியாது. இந்த வாதத்தில் நிற்கக்கூடிய பகுதி ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். மற்றவை பொய்.

முதல் பொய், ஏழைக்கு வீடு என்பது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஊர்களைச் சுற்றி வயலில் போடப்படும் மனைகளை வாங்குவது யார்? சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணா? விடியுமுன் ஜீப்பில் ஏறி மலை தாண்டி இடுக்கியின் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவரா? சென்ட் கணக்கில் விலை பேசும் இடத்தில் அவர்களால் கால் வைக்கவே முடியாது. அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். விலை ஏறும் என்று பணத்தை நிலத்தில் போட்டு வைக்கிறார்கள். அதனால்தான் எத்தனையோ மனைப்பிரிவுகளில் கல் ஊன்றி, தார் ஊற்றி, வளைவு கட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் வீடு வரவில்லை, கருவேலம்தான் வந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. வீடில்லாதவன் ஒரு பக்கம், ஆளில்லாத வீடு மறுபக்கம் என்ற நிலையில் இன்னும் நூறு ஏக்கர் வயலை மூடினால் முதலாமவனுக்கு என்ன கிடைக்கும்?

ஏழைக்கு வேண்டியது பட்டாவும் கட்டுமான உதவியும். குடிசைகளுக்குப் பதில் உறுதியான வீடு கட்ட, 2024 இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது தமிழக அரசு. அந்த வீடுகளுக்கு இருபோக நஞ்சை தேவையில்லை. நத்தம் இருக்கிறது, பாசனம் ஏறாத மேட்டு நிலம் இருக்கிறது, ஊருக்குள்ளேயே இடிந்து கிடக்கும் பழைய மனைகள் இருக்கின்றன. அங்கே ஏழைக்குப் பட்டா கொடுங்கள் என்று நீங்கள் ஒருநாளாவது மனு எழுதியதுண்டா? எழுதாதவர்கள் ஏழையின் பெயரை இழுக்காதீர்கள்.

இரண்டாவது வாதம், ‘என் நிலம், என் இஷ்டம்’. அடிப்படையே தவறாக இருப்பது இங்கேதான். இந்தப் பள்ளத்தாக்கு மலையின் மழை மறைவுப் பகுதி. இதன் வயலுக்கு விலை வந்ததே தண்ணீரால்தான். அந்தத் தண்ணீர் எந்தத் தனி மனிதனும் கொண்டுவந்ததல்ல. 1876–78 பஞ்சம் தென்னாட்டை அழித்த பிறகு, 1886 இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1887 முதல் 1895 வரை காட்டிலும் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் உயிர்களைப் பறிகொடுத்துக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மேற்கே கடலுக்குப் போகவிருந்த ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி வருகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது என்றால் அந்தத் தண்ணீரின் பயன் அது. அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிற மக்களுக்கு இது தெரியும். பொதுவில் வந்த தண்ணீரால் மதிப்பேறிய நிலத்தை, அந்தத் தண்ணீர் ஓடும் வழியையே அடைத்து விற்பதைச் சொத்துரிமை என்று எப்படிச் சொல்வது?

வயல் தனியாக நிற்பதில்லை. ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல், அந்த வயலின் வரப்பு வெட்டி அடுத்த வயல். மேலே உள்ளவன் விட்டால்தான் கீழே உள்ளவனுக்குத் தண்ணீர். கீழே வடிந்தால்தான் மேலே உள்ளவன் பயிர் அழுகாமல் நிற்கும். இந்த வரிசையின் நடுவே ஐந்து ஏக்கரில் கிராவல் அடித்து மேடாக்கினால் கெடுவது ஐந்து ஏக்கர் மட்டுமல்ல. வாய்க்கால் தூர்ந்து கடைமடை காய்கிறது. வடிகால் அடைபட்டு மேல் வயலில் தண்ணீர் தேங்குகிறது. அறுவடை இயந்திரம் இறங்கும் பாதை மறைகிறது. சுற்றிலும் பயிரில்லாத இடத்தில் தனியாக நிற்கும் ஒரு வயலின் மீது எலியும் பறவையும் ஒட்டுமொத்தமாக இறங்குகின்றன. இரண்டு போகம் இப்படிப் போனால் அந்த விவசாயியும் தரகரைத் தேடிப் போகிறார். ஆக, விற்றவனின் இஷ்டம் பக்கத்து வயல்காரனின் கட்டாயமாகிறது. குத்தகைக்குச் செய்தவனுக்கும் நடவுக்கு வந்த பெண்களுக்கும் அந்த விற்பனையில் ஒரு பைசா பங்கில்லை.

நெல்லோடு இது நிற்பதுமில்லை. வயலில் மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கித்தான் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஊறுகின்றன. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை அந்தக் கிணற்று நீரில்தான் வளர்கிறது. சிமெண்டும் தாரும் போட்ட மனையில் எந்தக் கிணறும் ஊறாது.

மூன்றாவது, ‘சில ஏக்கர் போனால் என்ன, அதுவும் தரிசாகக் கிடப்பதுதானே’ என்பது. தரிசு எப்படி வந்தது என்பதை மறைப்பதால் இது வாதமே அல்ல, ஏமாற்று. சாலையோர வயலை வாங்குகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு உழாமல் போடுகிறார்கள். வரப்பு சரிகிறது, களை மூடுகிறது. பிறகு ‘பயிர் செய்யாத நிலம்’ என்று மனு கொடுக்கிறார்கள். திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலைக்குப் புறவழிச்சாலைகள் வந்த பிறகு அவற்றின் இருபுறமும் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘சில ஏக்கர்’ என்ற சொல்லும் அப்படியே. ஒவ்வொரு மனைப்பிரிவும் சில ஏக்கர்தான். ஆனால் எந்த மனைப்பிரிவும் கடைசி மனைப்பிரிவாக இருந்ததில்லை. 1970களில் தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 60 லட்சம் எக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது 50 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. அத்தனையும் சில ஏக்கர்களாகவே போனவை.

நான்காவது, ‘அனுமதி பெற்ற மனை’. அனுமதிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லுங்கள். விளைநிலங்கள் கட்டுப்பாடில்லாமல் மனைகளாவதைக் கண்டு, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க வேண்டி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பதிவானவை யாருடைய அனுமதியில் பதிவாயின? அடுத்த ஆண்டே கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. தவறு கட்டணத்தால் சரியாகிவிட்டது. மூடிய வாய்க்கால் திறக்கவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்கீழ் நஞ்சையை வேறு பயனுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். சட்டம் ஆட்சியருக்குக் கொடுத்திருப்பது மறுக்கும் அதிகாரமும்தான். மறுக்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு அனுமதி எண்ணைக் காட்டுவது நியாயமாகாது.

இப்போது நிற்கக்கூடிய அந்த ஒரு பகுதிக்கு வருகிறேன்: ‘நெல்லில் கட்டுப்படியாகவில்லை. கடன்பட்ட விவசாயி விற்காமல் என்ன செய்வான்?’ உண்மை. 2025–26 பருவத்துக்குச் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். உரமும் கூலியும் இயந்திர வாடகையும் போக மிஞ்சுவது என்னவென்று ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வயலை விற்றவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவருடைய கஷ்டத்தை எடுத்துப் பேசுகிற நீங்கள், நெல்லுக்கு விலை கேட்ட போராட்டங்களில் எங்கே இருந்தீர்கள்? கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் மழையில் நனைந்தபோது ஏன் வாய் திறக்கவில்லை? விவசாயியின் துன்பம் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அவர் விற்க வரும் நாளில் மட்டும்தான். துன்பத்தைத் தீர்க்க வழி சொல்லாமல், அதைக் காட்டி நிலத்தைக் கேட்பவர் விவசாயியின் நண்பர் அல்ல.

வழி இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம். நெற்பரப்பில் பெரும்பகுதியை இழந்த பிறகு கேரளம் விழித்துக்கொண்டு 2008 இல் நெல்வயல்–ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வயலை மூடத் தடை. வேறு இடமில்லாதவர் தாம் குடியிருக்க ஊராட்சியில் 10 சென்ட் வரை கட்டலாம் என்று ஏழையின் வீட்டுக்கும் அந்தச் சட்டம் வழி வைத்தது. வயலை வயலாக வைத்திருப்பவருக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை என்று 2020 இல் அறிவித்துக் கொடுக்கவும் செய்தது. தொகை சிறியது, கொள்கை பெரியது. நெல்வயல் ஊருக்கே நன்மை செய்கிறது, அதைக் காப்பவனுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பது அந்தக் கொள்கை. தமிழகத்தில் 2020 இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கானது. அதிலும் தடுக்கப்பட்டவை எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவையே தவிர மனைப்பிரிவு அல்ல. கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்த அரைகுறைப் பாதுகாப்பும் இல்லை.

வளர்ச்சி பேசுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும். 2011 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கின் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்தது எதற்காக? முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றத்தில் 2014 வரை வழக்காடியது எதற்காக? பாசனத்துக்காக. நமக்கு வயல் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் வேண்டும் என்பதே நம் வாதத்தின் அடித்தளம். ஆயக்கட்டை நாமே துண்டு போட்டு விற்றுவிட்டு, நாளை எந்த மன்றத்தில், எந்த வயலைக் காட்டித் தண்ணீர் கேட்பது?

செய்ய வேண்டியவை தெளிவானவை. 14,707 ஏக்கரில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அரசு புல எண் வாரியாக அளந்து வெளியிட வேண்டும். மிஞ்சியதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, மனைப்பிரிவையும் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வயலைக் காப்பவருக்கு ஆண்டுதோறும் உரிமைத்தொகை தர வேண்டும். அதுவரை ஆயக்கட்டு நஞ்சை ஒரு சென்டுக்கும் ஆட்சியர் இசைவு தரக் கூடாது. பள்ளத்தாக்கின் ஊராட்சி மக்கள் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மனை வாங்க நினைப்பவர்களே, கையெழுத்துப் போடுமுன் அந்த நிலத்தில் எந்த வாய்க்கால் ஓடியது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். ஓடியது என்று அவர் சொன்னால், அதை வாங்காதீர்கள்.