சிறப்புப் பள்ளி இன்னொரு சேரி ஆகிவிடக் கூடாது

காலனியில் பீடி சுற்றும் ஒரு தாய் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. உள்ளூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, மதிய உணவு கிடைக்கிறது. ஆனால் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

"பாளையங்கோட்டையில கண்ணு தெரியாத பிள்ளைகளுக்குன்னு பள்ளிக்கூடம் இருக்காமே, அங்க கொண்டுபோய் விடச் சொல்லுதாவ. ஏற்கெனவே நம்மள ஊரவிட்டு ஒதுக்கித்தான வச்சிருக்காவ. எம்புள்ளைய நானே ஒதுக்கணுமா சார்?"

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 'தனி' என்ற சொல்லின் எடை தலித் மக்களுக்குத் தெரியும். தனிக் குவளை, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு என்று எல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கின. பள்ளிக்கூடமும் அப்படித்தான். பொதுப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1894-இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நம் முன்னோர் அங்கே போனது தனியாக இருக்க ஆசைப்பட்டு அல்ல. வேறு கதவு திறக்கவில்லை. ஆகவே, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் படிக்க வேண்டும் என்ற உள்ளடக்கிய கல்வியை வரவேற்பதில் நாம் முன்னால் நிற்கிறோம்.

இருந்தும் அந்தத் தாயிடம், "சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள் அக்கா" என்றுதான் சொன்னேன்.

காரணம் இதுதான். சாதியின் பெயரால் பிரிப்பவர்கள் பிள்ளையின் கையிலிருந்து ஒன்றைப் பறிக்கவே பிரிக்கிறார்கள். சிறப்புப் பள்ளி, பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுப்பதற்காக இருக்கிறது. அந்த ஒன்று எழுத்து.

பார்வையுள்ள பிள்ளை வகுப்பறையில் மட்டுமா எழுத்தைக் கற்கிறது? பேருந்துப் பலகை, சுவரொட்டி, மிட்டாய்க் காகிதம் என்று நாள் முழுவதும் எழுத்து கண்ணில் படுகிறது. பார்வையற்ற பிள்ளையின் விரலில் எழுத்து தானாக வந்து படாது. ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கிய பிரெய்ல் எழுத்தை விரல்நுனி பிரித்தறிவதற்கு அன்றாடப் பழக்கம் வேண்டும். சிலேட்டில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். மணிச்சட்டத்தில் கணக்குப் போடவும், வெள்ளைக்கோலைத் தட்டித் தெருவைக் கடக்கவும் பழக வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். எப்போதாவது வந்துபோகும் அவரால், எவ்வளவு அக்கறை இருந்தாலும், இத்தனையையும் கற்றுத்தர முடியாது. கற்றுத்தர ஆளில்லாத வகுப்பறையில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அதை 'உள்ளடக்கம்' என்று சொல்வது ஏமாற்று வேலை.

இந்த எழுத்தைக் கண்டவரின் கதை நமக்கு அந்நியமானது அல்ல. லூயி பிரெய்ல் பிரான்ஸ் நாட்டில் தோல் தொழில் செய்தவரின் மகன். குதிரைச் சேணம் தைக்கும் அப்பாவின் பட்டறையில், மூன்று வயதில், கூரிய கருவி கண்ணில் பட்டுப் பார்வை போனது. பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து படித்தார். 1824-இல், பதினைந்து வயதில், இந்தப் புள்ளி எழுத்தை உருவாக்கினார். ஆனால் பார்வையுள்ளவர்கள் வகுத்த கல்விமுறை அதை எளிதில் ஏற்கவில்லை. பிரான்ஸ் அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. சிறப்புப் பள்ளியால் கதவைத் திறக்கவும் முடியும், அடைத்துவைக்கவும் முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

நம் மாவட்டத்துக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் பூந்தமல்லி, தஞ்சாவூர், திருச்சி போன்ற ஊர்களில் அரசுப் பள்ளிகளும் வந்தன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தருகிறது. அந்தத் தாய் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. சட்டம் தந்ததைக் கேட்கிறார்.

ஆனால் அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. இங்கேதான் தலித் அனுபவம் பேச வேண்டும்.

அரசின் சிறப்புப் பள்ளிகளை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை அல்ல, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலத்துறை என்ற இன்னொரு 'நலத்துறை'தான் நடத்திவந்திருக்கிறது. அதன் விளைவு நமக்குத் தெரியும். விடுதியில் எத்தனை பேர், அரிசி எவ்வளவு, பாய் எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியுமா என்று கேட்க மாட்டார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரும் அறிவிப்பு 2023-இல் வந்தபோது ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசினோம். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி யார் கையில் இருக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

சோறும் படுக்கையும் கொடுத்து, பாட்டும் கைத்தொழிலும் கற்றுத்தந்து, 'பாவம்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பும் இடமாக ஒரு சிறப்புப் பள்ளி சுருங்கினால், அது இன்னொரு சேரிதான். "கணக்கு கஷ்டம், அறிவியல் வேண்டாம், வரலாறு எடுத்துக்கொள்" என்று பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். "உனக்கு எதற்குப் பெரிய படிப்பு" என்று நம்மிடம் சொன்னவர்களின் குரல்தான் அதில் கேட்கிறது. கணிதத்தைப் பிரெய்லில் எழுதும் முறையை உருவாக்கிய ஆபிரகாம் நெமத் பார்வையற்ற கணிதப் பேராசிரியர். பிள்ளையால் முடியாது என்பது பொய். கற்றுத்தரும் ஆளும் கருவியும் இல்லை என்பதே உண்மை.

சாதியையும் மறந்துவிடக் கூடாது. பார்வையற்ற பிள்ளைகளிடையே சாதி இருக்காது என்று சிலர் நம்புகிறார்கள். சாதியைத் தெரிந்துகொள்ளக் கண் தேவையில்லை, "நீ எந்தத் தெரு?" என்ற ஒரு கேள்வி போதும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பார்வையற்ற பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளான வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் சாதி, பாலினம், குறைபாடு ஆகியவை தனித்தனியாக அல்ல, ஒன்றோடொன்று பின்னி ஒருவரை ஒடுக்குவதைப் பேசியது. நம் அலுவலகங்கள் அதை இன்னும் படிக்கவில்லை. சாதிச் சான்றுக்கு ஒரு மேசை, ஊனச் சான்றுக்கு இன்னொரு மேசை என்று, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாயை அலையவிடுகிறார்கள். அவர் அலையும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் கூலி இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பார்வைக் குறைபாடு அங்கன்வாடி வயதிலேயே கண்டறியப்பட வேண்டும். எட்டு வயதுவரை பிள்ளை எழுத்தில்லாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. சேர்க்கைக்கு அழைத்துவரும் பெற்றோருக்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் தர வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைக்கும் அதே நாளில் பிரெய்ல் புத்தகமும் கிடைக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை கணிதமும் அறிவியலும் இருக்க வேண்டும். எழுத்து கைவந்த பிறகு ஊர்ப் பள்ளிக்குத் திரும்ப விரும்பும் பிள்ளைக்கு, அங்கே தேவையான ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். விடுதிகளில் சாதிப் பாகுபாடு பற்றிய புகாரைப் பிள்ளைகள் அச்சமின்றிச் சொல்ல வழி வேண்டும்.

அடுத்த வாரம் அந்தத் தாயும் மகனும் பள்ளியைப் பார்க்கப் போகிறார்கள். நானும் உடன் செல்கிறேன். அவரிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். கட்டடத்தையும் சாப்பாட்டையும் பிறகு பார்ப்போம். முதலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் ஒரு பிரெய்ல் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். அந்த விரல் தடுமாறாமல் ஓடினால் மகனைத் தயங்காமல் சேருங்கள் அக்கா. ஓடவில்லை என்றால், ஏன் ஓடவில்லை என்று நாம் எல்லாரும் சேர்ந்து கேட்போம்.