டூ டோர் சிவிக் வேண்டவே வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கும் கார் பைத்தியம் உண்டு. படிப்பது மெக்கானிக்கல், மூன்றாம் வருடம். அதனால் "கார் பத்தி உனக்கு என்னடா தெரியும்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். (தெரியாததைச் செமஸ்டர் ரிசல்ட் சொல்லும், அது வேறு கதை.)

2025 செப்டம்பரில் ஹோண்டா ஜப்பானில் 'பிரிலூட்' என்ற தன் பழைய பெயரைத் தூசு தட்டி மறுபடி விற்பனைக்கு விட்டது. இரண்டே கதவு, ஹைப்ரிட் என்ஜின். அன்றிலிருந்து எங்கள் ஹாஸ்டலில் ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. "இதை விட்டவன் சிவிக் செடானுக்கும் பழைய மாதிரி ஒரு டூ டோர் விட வேண்டியதுதானே?" கோஷ்டித் தலைவர் என் ரூம்மேட். லேப்டாப் வால்பேப்பர், போன் வால்பேப்பர், அலமாரிக் கதவில் ஒட்டிய படம், எல்லாமே சிவிக் கூப்பே. இத்தனைக்கும் அவன் ஒரு சிவிக் கூப்பேயை நேரில் பார்த்ததுகூட இல்லை, நானும் பார்த்ததில்லை. இந்தியாவில் சிவிக் விற்றது இரண்டு தவணை: 2006 முதல் 2013 வரை, பிறகு 2019, 2020. இரண்டு தடவையும் நான்கு கதவு செடான்தான் வந்தது.

அவன் கட்சியை நியாயமாகவே எடுத்துச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ராத்திரி தூங்க விடமாட்டான்.

அமெரிக்காவில் 1993 மாடலிலிருந்து சிவிக் கூப்பே விற்றது. செடானில் இருக்கும் அதே என்ஜின், அதே அடிப்பாகம், விலையும் ஏறக்குறைய அதேதான். முதல் வேலைக்குப் போகிற பையன், பகுதி நேரமாக ஹோட்டலில் வேலை பார்க்கிற மாணவன், இவர்களெல்லாம் கைக்கு எட்டுகிற விலையில் ஒரு லட்சணமான காரை வாங்க முடிந்தது. 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில் பச்சை விளக்கு மின்ன லாரியைக் கொள்ளையடிக்கிற மூன்று கறுப்பு வண்டிகளும் அந்த சிவிக் கூப்பேதான். 2020 மாடலோடு ஹோண்டா அதை நிறுத்திவிட்டது. இப்போது வந்திருக்கும் பிரிலூட் அமெரிக்காவில் 42,000 டாலரில் தொடங்குகிறது. சிவிக் செடான் சுமார் 25,000. "அப்ப அழகெல்லாம் காசு இருக்கறவனுக்கு மட்டும்தானா?" என்பது ரூம்மேட்டின் கேள்வி.

நல்ல கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு தப்பு எண்ணம். டூ டோர் என்றால் செடானில் பின்கதவு இரண்டையும் வெல்டிங் வைத்து மூடிவிடுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பின்சீட்டுக்கு ஆள் நுழைய இடம் வேண்டும், எனவே நடுத்தூண் பின்னால் நகரும். தூண் நகர்ந்தால் முன்கதவு நீளும். கதவு நீண்டால் எடை கூடும், கீல் பெரிதாகும். பக்கத்து வண்டிக்கு ஒன்றரை அடி தள்ளி நிறுத்திவிட்டு அந்த நீளக் கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள், கால் வெளியே வரும், உடம்பு வராது. சீட் பெல்ட் தோளுக்குப் பின்னால் எங்கோ தொங்கும், ஒவ்வொரு முறையும் முதுகு சுளுக்கத் திரும்பி எடுக்க வேண்டும். முன்சீட்டு மடங்கிச் சறுக்குவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கூரை, பக்கவாட்டுத் தகடு, கதவு எல்லாவற்றுக்கும் புதுசாக டை செய்ய வேண்டும், கோடிக்கணக்கில் செலவு. பக்கவாட்டு மோதல் சோதனையும் திரும்ப முதலிலிருந்து. இத்தனையும் செய்து முடித்தால் கையில் கிடைப்பது, முன்பைவிடக் குறைவாகப் பயன்படுகிற ஒரு கார்!

"கதவு ஓட்டை குறைஞ்சா பாடி விறைப்பா இருக்கும்டா, ஹேண்ட்லிங் பிச்சுக்கும்" என்பான் ரூம்மேட். தியரி சரி. ஆனால் ஜெர்மனியின் நுர்பர்க்ரிங்கில் 2017-லும் 2023-லும் முன்சக்கரத்தால் ஓடுகிற கார்களில் வேகச் சாதனை படைத்தது சிவிக் டைப் ஆர். அது டிக்கியையும் சேர்த்து ஐந்து கதவு வண்டி. அந்த ஐந்து கதவை வைத்துக்கொண்டே அந்த ஓட்டம் ஓட முடியுமென்றால், மெஸ்ஸுக்கும் மெயின்ரோட்டுக்கும் நடுவே ஓட்டப்போகிற உனக்கு எதற்குடா அந்த விறைப்பு?

இன்ஜினியரிங் கிடக்கட்டும். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் எட்டாவது படிக்கும்போது சித்தப்பா ஒரு செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும் என்கிற ஜாதி. மதுரையிலிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். சித்தப்பா ஓட்டினார். பக்கத்தில் மாமா, அதாவது என் அத்தையின் வீட்டுக்காரர், அப்பத்தாவுக்கு மாப்பிள்ளை. பின்னால் அப்பத்தா, அம்மா, நான். அப்பத்தாவுக்கு அப்போதே இரண்டு முட்டியும் போயிருந்தது. ஏற்றுவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது, ஒருவர் உள்ளேயிருந்து இழுக்க, ஒருவர் வெளியிலிருந்து தாங்க. பின்பக்கக் கண்ணாடியும் திறக்காது.

எட்டயபுரம் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார்கள். முன்னால் இருந்தவர்கள் இறங்கிக் கை காலை உதறினார்கள். நானும் குதித்து இறங்கினேன். "அப்பத்தா, இறங்கலையா?" என்றதற்கு, "எனக்கு வேணாம்யா, நீங்க குடிச்சிட்டு வாங்க" என்று அப்படியே உட்கார்ந்திருந்தார். டீ மட்டுமில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் தலையை ஆட்டினார். ஊர் திரும்பிப் பல நாள் கழித்துத்தான் அம்மா சொன்னாள். காலையிலிருந்தே அப்பத்தா தண்ணீர் குடிக்கவில்லையாம். குடித்தால் நடுவழியில் இறங்க வேண்டிவரும். இறங்க வேண்டுமென்றால் மாப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். எந்த மாமியார் சொல்வாள்? மாமா நல்ல மனுஷர், சொல்லியிருந்தால் உடனே இறங்கியிருப்பார். ஆனால் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் பிரச்சினை.

அன்றிலிருந்து டூ டோர் காரைப் பார்த்தால் எனக்கு நீளமான கதவு தெரிவதில்லை. பின்னால் இருப்பவருக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை என்பதுதான் தெரிகிறது. அவர் ஏறுவதும் இறங்குவதும் முன்னால் இருப்பவர் தயவில். நம் வீடுகளில் பின்சீட்டு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விபத்தோ தீயோ என்றாலும் அதே கதைதான், முன்னால் இருப்பவர் மயங்கிக் கிடந்தால் பின்னால் இருப்பவர் கதி என்ன?

"அது உங்க ஊரு கதை, அமெரிக்காவுல அவனவன் தனியாத்தான் போறான்" என்று ஒரு பதில் வரும். சரி, அமெரிக்காவுக்கே போவோம்.

அங்கே ஒரு காலத்தில் டூ டோர் சாதாரண விஷயம். ஒரே மாடலில் இரண்டு கதவு செடான் பெரும்பாலும் விலை குறைந்த வகையாக இருந்தது. பின்சீட்டில் பிள்ளைகளைப் போட்டுவிட்டால் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட மாட்டார்கள் என்று பெற்றோர்களும் அதையே விரும்பினார்கள். 1976-ல் அந்த நாட்டில் மிக அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ், அதிலும் பெரும்பகுதி இரண்டு கதவு வண்டிகள்.

பிறகு வந்தது குழந்தை சீட்டுச் சட்டம். 1978-ல் டென்னஸி மாநிலம் தொடங்கி வைத்தது, 1985-க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. 1998 மாடலிலிருந்து கார்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் கட்டாயமாக, முன்சீட்டில் சிறு பிள்ளைகளை உட்கார வைப்பதே ஆபத்து, பின்னால் வை என்றார்கள். இப்போது அந்த அம்மா நிலைமையை யோசியுங்கள். கையில் குழந்தை, தோளில் பை, முன்சீட்டை மடக்கி, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக் குனிந்தபடி, பின்னோக்கி வைத்த குழந்தை சீட்டில் பெல்ட்டை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. டூ டோரைக் கொன்றது எஸ்யூவி என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்பே பாதி உயிரை எடுத்தது அந்தக் குழந்தை சீட்டு. அமெரிக்கரும் தனியாகப் போவது பாதி வாழ்க்கைதான், மீதிப் பாதியில் பின்னால் ஆள் உண்டு.

பிறகு வரிசையாகச் சாவு. டொயோட்டா கேம்ரியிலிருந்து பிறந்த சொலாரா 2008-ல் போனது. நிஸான் அல்டிமா கூப்பே 2013. ஹூண்டாய் எலான்ட்ரா கூப்பே வந்த வேகத்தில் 2014-ல் காலி. ஹோண்டாவின் சொந்த வீட்டிலேயே அக்கார்ட் கூப்பே 2017 மாடலோடு முடிந்தது. அதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். 1988-ல் ஓஹியோவில் செய்து ஜப்பானுக்கே கப்பலேற்றி அனுப்பிய கார் அது. ஜப்பான் கம்பெனி அமெரிக்காவில் செய்த காரை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்தது அதுதான் முதல் தடவை. அப்படிப்பட்ட பெருமையாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

நம்ம சென்னை இந்தப் பாடத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே படித்துவிட்டது என்பது ரூம்மேட்டுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்ட் வந்தது. இத்தாலியர் மிக்கலொட்டி வரைந்த வடிவம், இன்றைக்கும் பார்க்க அம்சமாக இருக்கும். இரண்டு கதவு. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அதை 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்று செய்து விற்றது. எதிரில் நின்றவை அம்பாசிடரும் ஃபியட்டும், இரண்டுக்கும் நாலு கதவு. அழகில் ஹெரால்ட் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும், ஆனால் இந்த ஊரில் காரை வாங்குவது குடும்பம், டாக்ஸிக்கும் அது ஆகாது. 1968-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தார்கள்! இங்கிலாந்துக்காரனே கடைசிவரை செய்யாத நாலு கதவு ஹெரால்டை மெட்ராஸ்காரன் செய்தான். தனிச் சேஸிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டுகிற வண்டி என்பதால் அந்த வேலைக்கு வசதியாகவும் இருந்தது. உலகமே செடானை வெட்டிக் கூப்பே செய்த காலத்தில், தலைகீழாக டூ டோரை நாலு கதவாக்கியது நம்ம ஊர் பட்டறை. எங்கள் சிலபஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்றைய உதாரணம் வேண்டுமா? சுஸுகி ஜிம்னி. ஜப்பானில் மூன்று கதவு வண்டியாகவே விற்றுக்கொண்டிருந்தது. இந்தியாவில் செய்த ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரியில் 'நோமேட்' என்று அங்கே அறிமுகம் செய்தார்கள். நாலே நாளில் சுமார் 50,000 ஆர்டர், தாங்க முடியாமல் புக்கிங்கையே நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது கடைசிக்கு ஒத்திவைத்த கேள்வி. அழகு பணக்காரனுக்கு மட்டுமா?

இல்லை. இரண்டு கதவுதான் வேண்டும் என்றால், முதலிலிருந்தே இரண்டு பேருக்கென்று செய்த கார்கள் அமெரிக்காவில் 30,000 டாலரைச் சுற்றிக் கிடைக்கின்றன. மாஸ்டா மியாட்டாவில் பின்சீட்டே கிடையாது. டொயோட்டா ஜிஆர்86-ல் பேருக்கு ஒன்று உண்டு, அதில் பையைத்தான் வைக்க முடியும் என்று பார்த்தாலே தெரியும். இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை, பிரிலூட்டோடும் இல்லை. கல்யாணம் ஆகாதவன், காசு உள்ளவன், வாங்கட்டும், ஓட்டட்டும். என் சண்டை செடானை வெட்டிச் செய்கிற கூப்பேயோடு. 2020-ல் போன அந்த சிவிக் கூப்பேயில் ஐந்து சீட் பெல்ட் இருந்தது. ஐந்து பேர் போகலாம் என்று சொல்லி விற்றுவிட்டு, மூன்று பேரை முன்னால் இருப்பவர் தயவில் விடுகிற வண்டி அது. சரிவான கூரைதான் அழகு என்றால், 2016 மாடல் சிவிக் செடானுக்கே அந்தக் கூரை வந்துவிட்டது, நாலு கதவோடு.

விலை விஷயத்தில் ரூம்மேட் சொல்வதில் உண்மை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 25,000-க்கும் 30,000-க்கும் உள்ள வித்தியாசம் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற மாணவனுக்குப் பெரிது. ஆனால் சிவிக்கில் இன்னொரு வகை செய்ய ஹோண்டாவிடம் பணம் இருக்கிறது என்றால், அந்தப் பணத்துக்கு வரிசையில் முன்னால் நிற்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா 'வெல்கேப்' என்ற பெயரில், சீட்டே வெளிப்பக்கம் திரும்பி ஆளை இறக்கிவிடுகிற கார்களை விற்கிறது. முட்டி போனவர்களுக்காக. கூப்பேக்குப் போடுகிற டை செலவில் அப்படி ஒன்றை சாதாரண செடானிலும் கொண்டுவரட்டும், ஓஹியோவிலும் வாங்குவார்கள், மதுரையிலும் வாங்குவார்கள்.

இதையெல்லாம் மெஸ்ஸில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். ரூம்மேட் தட்டில் இருந்த சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரிடா, அப்ப டூ டோர் சிவிக்ல பின்சீட்டையே எடுத்துட்டா? அப்ப ஓகேவா?" என்றான்.

அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஹோண்டாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்திருக்கிறான். "அப்பத்தாவுக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு" என்று நடுவில் ஒரு தடவை கேட்டான்.