கையை இங்கே வைத்துக்கொண்டு கைப்பிடியை எங்கே தேடுவது?

போன ஐப்பசியில், கேரளத்து வித்துராவில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஐரோப்பாவிலிருந்து என் மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரே ஒரு மரத்துண்டு. அவளுடைய ஏர் பிஸ்டலுக்குக் கைப்பிடி. கையால் செய்தது, அபூர்வ மரம் என்று சீட்டில் போட்டிருந்தது. கூலி, அஞ்சல், வரி எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்.

நெடுமங்காட்டில் ஒரு தடிக்கடையில், அதாவது மரக்கடையில், முப்பது வருடம் கணக்கெழுதியவன் நான். துண்டை மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. ஈட்டி. தமிழ்நாட்டில் தோதகத்தி என்றும் நூக்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற மரம். அதற்குத்தான் அபூர்வம் என்று விலை கொடுத்திருக்கிறோம்.

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கியைத் தொட்டவர் யாரும் கிடையாது. என் அப்பா போனக்காடு தோட்டத்துக்குத் தேயிலை வேலைக்கு வந்தவர். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக வட்டியூர்க்காவில் கட்டிய சுடுதளம் இல்லாவிட்டால் என் மகளும் தொட்டிருக்க மாட்டாள். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இந்த விளையாட்டில் கைப்பிடி அலங்காரம் இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை ஒற்றைக் கையால், அறுபது தடவை குறிபார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் குண்டு அதே இடத்துக்குப் போகும். மணிக்கட்டைக் கைப்பிடி தாங்கக் கூடாது, பிஸ்டல் மொத்தமாக 1,500 கிராமைத் தாண்டக் கூடாது என்று விதிகளும் உண்டு. அதனால் வீரர்கள் கைப்பிடிக்குச் செலவு செய்வதைக் கேலி செய்ய மாட்டேன். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலியிலிருந்து வரும் பிஸ்டல்களின் கைப்பிடிகள் பெரும்பாலும் அக்ரூட் மரம். கனமில்லாதது, அதிகம் முறுக்கிக்கொள்ளாதது, வேர்வையிலும் பிடி தருவது. அது அனுபவத்தில் தேறிய மரம்.

எங்கள் தவறு இரண்டு. ஒன்று, படத்தில் பளபளத்த கருஞ்சிவப்பு ரேகையைப் பார்த்து அக்ரூட்டை விட்டு அந்த அபூர்வ மரத்தைக் கேட்டது. இன்னொன்று, கையைத் தபாலில் அனுப்பலாம் என்று நம்பியது. வெள்ளைத்தாளில் கையை விரித்துவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பினோம். விரித்த கை வேறு, பிடித்த கை வேறு. கட்டைவிரல் மேட்டின் சதை எவ்வளவு, நடுவிரலின் முதல் கணு எங்கே மடிகிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் எப்படித் தெரியும்?

வந்த கைப்பிடி பார்க்க அழகு. பிடித்தால் விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி. மெருகேற்றியிருந்ததால் வேர்த்த கை வழுக்கியது. மகள் தானே உட்கார்ந்து அரத்தால் ராவினாள். மறுநாள் புறங்கையெல்லாம் தடிப்பும் அரிப்பும். தடிக்கடையில் வேலை பார்த்த எவரும் முன்பே சொல்லியிருப்பார்கள், ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 31,000 ரூபாய் என் வாயை அடைத்திருந்தது.

கடைசியில் தக்கலையிலிருந்து வந்து இங்கே பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் போனோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஈட்டியாக்கும், அண்ணாச்சி” என்று சிரித்தார். பிறகு மகளிடம், “மக்களே, சுடுவது மாதிரி நின்னு கையை நீட்டு” என்றார். தாளும் பென்சிலும் கேட்கவில்லை. பழைய பலாத் துண்டு ஒன்றை எடுத்துச் செதுக்கினார். பிடிக்கச் சொன்னார், ராவினார், மறுபடி பிடிக்கச் சொன்னார். இடைவெளி விழுந்த இடத்தில் எம்-சீல் அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகிற பலா, இதற்கு ஆகாதா? மூன்று நடை, 2,200 ரூபாய் கூலி.

ஈட்டியின் கதை எங்கள் கைப்பிடியின் கதையைவிடக் கசப்பானது. கேரளத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனத்தை ராஜமரங்கள் என்பார்கள். அரசு பட்டா கொடுத்த நிலத்திலும் இவற்றைத் தனக்கென்று ஒதுக்கியே கொடுத்தது. 2020 அக்டோபரில் வந்த ஒரு அரசாணையைச் சாக்காக வைத்து, வயநாட்டு முட்டிலில் நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டி மரங்களை வெட்டினார்கள். வெட்டியது பெரிய வழக்கானது. வெளிநாட்டிலும் இந்த மரத்துக்குத் தேவை உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1969இல் பிரேசில் ஈட்டி கிடைக்காமல் நம் ஈட்டிக்கு மாறியது. 1992இல் பிரேசில் ஈட்டி உலக வாணிபத் தடைப் பட்டியலுக்குப் போனது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சைட்டிஸ் என்ற அந்த உலக வாணிப ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019க்குப் பிறகு பத்து கிலோவுக்கு உட்பட்ட செய்பொருள்களுக்குத் தளர்வு உண்டு என்றாலும், பிரேசில் ஈட்டிக்கு அது பொருந்தாது. எங்கள் கைப்பிடியின் மரம் இந்த மலையுடையதா, சோனோகெலிங் என்று பெயர் சொல்லி ஜாவாவில் வளர்க்கும் அதே மரமா என்று சீட்டில் இல்லை. மரத்தின் ஊரைச் சொல்லாதவரிடம் மரம் வாங்கக் கூடாது என்பது தடிக்கடையில் நான் படித்த முதல் பாடம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நான் பேசுவது 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலைப் பற்றி மட்டுமே. குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாத அதற்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டிய துப்பாக்கி என்றால் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகத்தையும் ஆயுதம் என்றே சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து எதை வரவழைத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் சுங்கத்திலும் துப்பாக்கி சுடும் சங்கத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிஸ்டல் இயந்திரம் ஐரோப்பாவிலிருந்தே வரட்டும். அந்தத் துல்லியம் நமக்கு இன்னும் கைவரவில்லை. கைப்பிடி அப்படியல்ல, அதைச் செய்பவர், பிடிப்பவரின் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் சுடுதளம் கட்டுகிற விளையாட்டுத் துறைகள், அதன் மூலையில் ஒரு பட்டறை மேசை போட்டு, மாதம் இரண்டு நாள் ஓர் ஆசாரியை உட்கார வைக்கலாம். பாறசாலை முதல் நாகர்கோவில் வரை கைத்தேர்ச்சி உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. அதுவரை, பிள்ளைகளுக்குக் கைப்பிடி தேடுகிறவர்கள் முதலில் உங்கள் ஊர் ஆசாரியிடம் கையைக் காட்டுங்கள்.