ஃபைலை வெட்டுகிற வைத்தியர்களே!

எக்ஸெல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. சரி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு நம்ம மக்கள் வைத்திருக்கும் வைத்தியம்தான் எரிச்சலைக் கிளப்புகிறது: ஃபைலை மூன்றாக வெட்டு, மூன்று பிவட் போடு, விடைகளைக் கூட்டு. இதற்கு 'ட்ரிக்' என்று பேர் வேறு!

மொத்த விற்பனை என்றால் கூட்டிக்கொள்ளலாம். எத்தனை வாடிக்கையாளர்கள் என்று கேட்டால்? முதல் ஷீட்டில் வந்தவரே மூன்றாவதிலும் வருவார். ஒருத்தர் இரண்டு பேராகிவிடுவார். சராசரிகளுக்குச் சராசரி எடுத்தாலும் இதே கூத்துதான். புள்ளியியல் பேப்பரில் படித்தோமே, சாமி!

வெட்டவே வேண்டாம். விண்டோஸ் எக்ஸெல்லில் 'டேட்டா' மெனுவிலிருந்து பவர் க்வெரி வழியாக ஃபைலை இழுங்கள். 'லோட் டு' வரும்போது கனெக்‌ஷன் மட்டும் போதும் என்று சொல்லி, டேட்டா மாடலில் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் அடியுங்கள். வரிகள் ஷீட்டுக்கே வராது. பிவட் மாடலிலிருந்து ஓடும், கம்ப்யூட்டரின் மெமரி தாங்கும்வரை. ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணும் 'டிஸ்டிங்ட் கவுண்ட்' இந்த பிவட்டில்தான் இருக்கிறது.

"ஒரு அசைன்மெண்டுக்கு இவ்வளவு அலட்டலா?" என்பீர்கள். 2020 செப்டம்பர் கடைசியில் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, கொரோனா லேப் முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் 65,536 வரிதான். மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துபோனது. தினசரிக் கணக்கில் 15,841 பேர் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது.

அங்கேயும் உடனடியாகச் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? ஃபைலைச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள்!